சென்னை 28 ரெண்டாம் பாகம்: சொப்பன சுந்தரியும் தேனியும் சும்மா வரலை

ஏற்காட்டுக் குளிர்

சென்னை 28-ங்கற தெரு கிரிக்கெட் படத்தோட ரெண்டாம் பாகம்னு பேச்சு எடுத்தாலே "முதல் பாகம் அளவுக்கு வரலப்பா"ன்னு ஒரே வரியில முடிச்சுடறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அந்தப் படத்துக்குள்ள இயக்குநர் வெங்கட் பிரபு ஒளிச்சு வச்சிருக்கற விஷயங்களைப் பிரிச்சுப் பார்த்தா பாதி அவரோட குடும்பக் கதை. எனக்குத் தெரிஞ்சதை இங்க போடறேன், நீங்களும் சேருங்க. கதை முழுக்க வெளிய வந்துடும், படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க.

முதல்ல சொப்பன சுந்தரி. 1989 ஜூன்ல வந்தது கரகாட்டக்காரன். அதுல அந்தப் பழைய கார் வர்ற காமெடியில, காரை முன்னாடி வச்சிருந்த அம்மா பேரைச் சொல்லி, அவங்க இப்ப யார்கிட்ட இருக்காங்கன்னு செந்தில் கேட்பார், கவுண்டமணிகிட்ட வாங்கிக் கட்டிக்குவார். அந்த அம்மா படத்துல ஒரு ஃப்ரேம்ல கூட வர மாட்டாங்க. பேர் மட்டும்தான் வரும். ஆனா அந்தப் பேர் தெரியாத தமிழ்க் குடும்பம் உண்டா?

அப்புறம் 27 வருஷம் கழிச்சு, 2016 டிசம்பர் 9-ம் தேதி, அதே பேர்ல ஒரு பொண்ணு மனீஷா யாதவ் உருவத்துல வந்து ஆடுது. பேரே பாட்டா ஆயிடுச்சு. கரகாட்டக்காரனை எடுத்தது கங்கை அமரன். இந்தப் படத்தை எடுத்தது அவரோட மூத்த மகன். அப்பா படத்துல முகமே இல்லாம இருந்த ஒருத்திக்கு மகன் படத்துல முகம் கிடைச்சிருக்கு.

ரெண்டாவது, தேனி. பேருலயே சென்னை பின்கோடை வச்சிருக்கற படம். ராஜா அண்ணாமலைபுரம், மந்தைவெளி பக்கத்துக்குத்தான் 600028. அப்படிப்பட்ட படத்தோட அடுத்த பாகத்தை எதுக்குத் தேனிக்குக் கொண்டு போகணும்? இளையராஜா, கங்கை அமரன் எல்லாரும் பிறந்த பண்ணைப்புரம் இன்னைக்குத் தேனி மாவட்டத்துலதான் இருக்கு. இசை யுவன், சீனுவா நடிக்கறது பிரேம்ஜி. படம் எடுத்த அண்ணன் தம்பிங்க மூணு பேருக்கும் அதுதான் பூர்வீகம். ஜெய் நடிக்கற ரகுவோட கல்யாணத்துக்குன்னு நண்பர்கள் கார் ஏறிப் போறது, இயக்குநருக்குத் தாத்தா ஊர்ப் பக்கம் போறது. படத்துல யாரும் இதை வாய்விட்டுச் சொல்லல. அதனாலதான் எனக்குப் பிடிச்சிருக்கு.

---

செவ்வாய்பேட்டை வெல்லமண்டி

தேனி விஷயம் ஒத்துக்கறேன் தம்பி, நல்லா பிடிச்சீங்க. ஆனா சொப்பன சுந்தரியில என்ன ஒளிஞ்சிருக்கு? தியேட்டர்ல பேரைக் கேட்டதுமே எல்லாரும் விசில் அடிச்சாச்சு. எல்லாருக்கும் தெரிஞ்ச பேரைப் பாட்டுல வச்சா கைத்தட்டல் உறுதி. ஒரு குத்துப்பாட்டு வேணும், அதுக்கு ஒரு பேர் வேணும், அவ்வளவுதான்னு எனக்குத் தோணுது.

எனக்குப் பிடிச்ச ஒளிவு முதல் பாகத்துலதான் இருக்கு. பிரேம்ஜி சொல்ற "என்ன கொடுமை சார் இது". அது 2005 சந்திரமுகியில பிரபு ரஜினியைப் பார்த்துச் சொன்ன வசனம், அங்க சார்ங்கறதுக்குப் பதிலா சரவணன்னு பேர் வரும். அங்க பயந்து போய் நிஜமான கவலையோட சொல்றார். ரெண்டு வருஷத்துல பிரேம்ஜி அதைத் தூக்கி, தெருவுல எது நடந்தாலும் அதையே சொல்லி, ஊர் முழுக்கப் பரப்பி விட்டுட்டார். இப்ப நிறைய பேர் அது பிரேம்ஜி வசனம்னே நினைக்கறாங்க. வசனம் கடன் வாங்கினவருக்கே சொந்தமாப் போறது அபூர்வம்.

அதே மாதிரி முதல் பாகத்துல இருந்த சரோஜா பாட்டுதான் 2008-ல சரோஜான்னு அவரோட அடுத்த படத்துக்குப் பேராச்சு. ஒரு படத்தோட மிச்சத்தை அடுத்த படத்துல வைக்கற பழக்கம் அவருக்கு ஆரம்பத்துல இருந்தே உண்டு.

---

ஏற்காட்டுக் குளிர்

அண்ணா, குத்துப்பாட்டுன்னா பாட்டோட முடிஞ்சுடணும். இங்க அப்படி முடியல. கல்யாணத்துக்கு முந்தின கொண்டாட்டத்துல அவங்க ஆடின அந்த ராத்திரி எடுத்த படங்கள்தான் ரகு கல்யாணத்துக்கே வேட்டு வைக்குது. வைபவ் செய்ற எதிர் டீம் மருதுவுக்குக் கையில கிடைச்ச ஆயுதமே அதுதான். அந்தப் பேரை எடுத்துட்டாலும் கதை நிக்கும், சரி. ஆனா அந்தப் பேர் இருக்கறதால இன்னொண்ணு நடக்குது. கரகாட்டக்காரன்லயும் அவங்க பேரைச் சொன்னவன் அடி வாங்கினான், இங்கயும் அவங்க பக்கத்துல நின்னவன் மாட்டிக்கறான். ரெண்டு படத்துலயும் அந்தம்மா எதுவுமே செய்யாம ஆம்பளைங்களுக்குச் சிக்கல். இதை யோசிச்சுத்தான் வச்சிருப்பாங்கன்னு நம்பறேன்.

---

மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு

தம்பிகளே, இருவரும் ஒரு படி மேலே நின்றுவிட்டீர்கள். இன்னும் கீழே இறங்கினால் விஷயம் நம் சேலத்துக்கே வந்து சேருகிறது.

முதலில் ஒரு பெயரைப் பதிவு செய்ய வேண்டும். சொப்பன சுந்தரி என்றால் கவுண்டமணி, செந்தில், கங்கை அமரன் என்று மூவரைச் சொல்கிறோம். கரகாட்டக்காரனின் நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன். வாழைப்பழக் காட்சியும் அவர் எழுத்துதான். அந்தக் காலத்தில் கதை வசனம் ஒருவர், நகைச்சுவைப் பகுதி இன்னொருவர் என்று தனித்தனியாக எழுதுவது வழக்கம். நடிகர்கள் பெயர் நின்றது, எழுதியவர் பெயர் நிற்கவில்லை. மறைந்திருக்கும் விஷயங்களைத் தேடும் இழையில் முதலில் வெளியே எடுக்க வேண்டியது இந்த மனிதரைத்தான்.

அடுத்தது, கரகாட்டக்காரன் எதிலிருந்து வந்தது என்பது. நாதஸ்வரக்காரரும் நாட்டியக்காரியும் போட்டியில் தொடங்கிக் காதலில் முடியும் தில்லானா மோகனாம்பாள் (1968) சாயல் அதில் இருப்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். சண்முகசுந்தரம், மோகனா அங்கே. முத்தையா, காமாட்சி இங்கே. நாதஸ்வரம் இருந்த இடத்தில் கரகம். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதியதைப் படமாக்கியவர் ஏ.பி. நாகராஜன். அவர் பிறந்தது சங்ககிரி பக்கத்து அக்கம்மாபேட்டையில். நம் சேலம் மாவட்டத்துக்காரர்.

இப்போது மூன்று படங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு குழு தன் ஊரைவிட்டு வண்டியேறி வெளியூர் போகிறது. போன இடத்தில் திறமைப் போட்டி. போட்டிக்கு நடுவே கல்யாணப் பேச்சு. உள்ளூர்ப் பெரிய மனிதன் ஒருவன் குறுக்கே வருகிறான். 1968-இல் சிக்கல் சண்முகசுந்தரம் தன் ஜமாவோடு ரயிலில் போனார். 1989-இல் ராமராஜன் குழு பழைய காரில் போனது. 2016-இல் சென்னைப் பையன்கள் மட்டையும் பந்துமாகத் தேனிக்குப் போனார்கள். சொப்பன சுந்தரி என்ற பெயரை வெங்கட் பிரபு எடுத்துக்கொண்டது எல்லோர் கண்ணிலும் படுகிறது. கதையின் எலும்புக்கூடே அந்த வழியில் வந்திருப்பது கண்ணில் படவில்லை. அவர் திட்டமிட்டுச் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அப்பா எடுத்த படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கதை அப்படித்தான் வரும்.

---

செவ்வாய்பேட்டை வெல்லமண்டி

ஐயா, இது எனக்குத் தோணவே தோணாத கோணம். அக்கம்மாபேட்டை வழியா எத்தனையோ தடவை வண்டியில போயிருக்கேன். இனிமே அந்த ஊரைத் தாண்டும்போது தில்லானா ஞாபகம் வரும்.

இன்னொரு கேள்வி. உங்க பேர்லயே மாடர்ன் தியேட்டர்ஸ் இருக்கு. நம்ம சேலத்து ஸ்டுடியோவான அது எடுத்த படம் எதுவும் பிற்கால காமெடிப் படங்கள்ல இப்படி ஒளிஞ்சிருக்கா?

---

மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு

இருக்கிறது. 2006-இல் வடிவேலு நடித்த இம்சை அரசன் 23ஆம் புலிகேசி. முட்டாள் அரசன் ஒருவன், அவனைப் போலவே இருக்கும் அறிவுள்ள சகோதரன் ஒருவன், அரண்மனைச் சூழ்ச்சி, ஆள் மாற்றம். இதற்கு மூலம் என்றால் எல்லோரும் 1958-இல் சிவாஜி நடித்த உத்தமபுத்திரனைச் சொல்வார்கள். அதற்கும் முன்னால் 1940-இல் அதே பெயரில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த உத்தமபுத்திரன் உண்டு. எடுத்தது டி.ஆர். சுந்தரம், சேலத்தில், மாடர்ன் தியேட்டர்ஸில். தமிழில் முதல் இரட்டை வேடப் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். திரையரங்கில் புலிகேசியைப் பார்த்துச் சிரித்தபோது நம்மில் எத்தனை பேர் ஏற்காடு சாலையில் நிற்கும் அந்த வளைவை நினைத்தோம்?

தொடர்படம் என்ற வழக்கம் வருவதற்கு முன்பே ஒரு பெயரைக் கொண்டு அடுத்தடுத்து எடுப்பதும் அங்கே நடந்தது. வல்லவனுக்கு வல்லவன் 1965-இல் வந்தது. மறு வருடமே வல்லவன் ஒருவன், இரு வல்லவர்கள். கதைக்குக் கதை தொடர்பில்லை. பெயரைப் பார்த்தே கூட்டம் வந்தது. இன்று படப் பெயருக்குப் பக்கத்தில் 2 போடுகிறார்கள்.

---

டென்னிஸ்பால் லெஃப்டி

எல்லாரும் சினிமாவையே பேசறீங்க, கிரிக்கெட்டை யாரும் தொடல. நான் ஓமலூர், தாரமங்கலம் பக்கம் டோர்னமெண்ட் ஆடினவன். அதனால இந்தப் படம் எனக்கு வேற மாதிரி.

முதல் பாகம் 2007 ஏப்ரல் 27 ரிலீஸ். மறுநாள், 28-ம் தேதி, உலகக் கோப்பை ஃபைனல். பார்படாஸ்ல ஆஸ்திரேலியாவும் இலங்கையும். இந்தியா வங்கதேசத்துகிட்டயும் இலங்கைகிட்டயும் தோத்து, முதல் சுற்றுலயே மார்ச் மாசமே மூட்டை கட்டிட்டு வந்தாச்சு. ஊர்ல கிரிக்கெட் பேரைச் சொன்னாலே எரிச்சல். அந்த நேரத்துல வந்த படம், டிவியில வர்ற கிரிக்கெட் கிடக்கட்டும், உன் தெருவுல ஆடறதைப் பாருன்னு சொல்லுச்சு. ஐபிஎல் அப்ப பிறக்கல, அது 2008. டி20 உலகக் கோப்பை கூட அந்த வருஷம் செப்டம்பர்லதான். பெட் மேட்ச், பொதுவா ஒருத்தன் ரெண்டு பக்கமும் ஆடறது, அம்பயர்கிட்ட சண்டை, ஏரியா மாறிப் போனவன் எந்த டீமுக்கு ஆடறதுன்னு வர்ற மானப் பிரச்சனை, பொடிப் பசங்ககிட்ட பெட் கட்டித் தோத்து மட்டையைக் குடுக்கற அவமானம். ஒண்ணுகூடப் பொய் இல்ல. ராயபுரம் ராக்கர்ஸ் டீம் பையன் ரகு, எதிர் டீம் ஷார்க்ஸோட ஏரியாவுக்கு வீடு மாறி வந்து கூனிக் குறுகி நிக்கறான் பாருங்க, அது எங்க ஊர்ல நடந்த கதை. எல்லா ஊர்லயும் நடந்த கதை.

ரெண்டாம் பாகம் வந்த 2016-ஐப் பாருங்க. சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ரெண்டு வருஷத் தடை, 2016-லயும் 2017-லயும் சென்னைக்கு ஐபிஎல் டீமே இல்ல. அதே 2016-லதான் டிஎன்பிஎல்ங்கற தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆரம்பிச்சுது, ஆட்டம் மாவட்டங்களுக்கு வந்துது. படத்துலயும் ஷார்க்ஸ் சென்னையை விட்டுட்டு மாவட்டத்துக்குப் போய் ஆடறாங்க. இயக்குநர் இதை மனசுல வச்சு எழுதினாரோ இல்லையோ, காலம் அதுல பதிஞ்சிருக்கு.

இன்னொண்ணு சொல்லணும். படம் வந்து ரெண்டு மாசம் கழிச்சு, 2017 பிப்ரவரி ஐபிஎல் ஏலத்துல நம்ம சின்னப்பம்பட்டி பவுலர் நடராஜனை பஞ்சாப் டீம் 3 கோடிக்கு எடுத்துது. அடிப்படை விலை 10 லட்சம். டென்னிஸ் பால்லயே வளர்ந்த பையன். 2020 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல இந்தியாவுக்கு ஆடினார், ஜனவரியில பிரிஸ்பேன்ல டெஸ்டும் ஆடிட்டார். முதல் பாகத்துல அந்தப் பசங்க கனவு ஒரு லோக்கல் கோப்பையோட நின்னுது. தெருவுல ஆடறவனுக்கு அதுக்கு மேல வழி தெரியாத காலம் அது. இப்ப மூணாம் பாகம் எடுத்தா அந்த வழி தெரிஞ்ச பசங்களைப் பத்தித்தான் எடுக்கணும். வாழப்பாடியில 2020-ல திறந்த கிரவுண்ட் இருக்கு, அங்கயே எடுக்கலாம்.

ரெண்டாம் பாகத்துல எனக்குக் குறை ஒண்ணுதான். மேட்ச் வருது, ஆனா மேட்ச்சோட அழுக்கு வரல. முதல் படத்துல பந்து தொலைஞ்சா வலிக்கும். இதுல ஜெயிச்சா போதும்னு ஆயிடுது.

---

அஸ்தம்பட்டி அக்கா

லெஃப்டி தம்பி சொன்ன கடைசி வரி சரியான வரி.

நான் வேற இடத்துல இருந்து வர்றேன். ரெண்டாம் பாகத்துல எனக்கு முக்கியமான ஆள் செல்வி. முதல் பாகத்துல பழனியோட தங்கச்சி, கார்த்திக்கோட காதலி, நண்பர்கள் பிரியறதுக்குக் காரணம். ரெண்டாவதுல அதே விஜயலட்சுமி கார்த்திக்கோட மனைவியா வர்றாங்க, அதே சிவாவோட. ஒரு ஜோடியை ஒன்பது வருஷம் கழிச்சு அதே நடிகர்களை வச்சுக் கல்யாண வாழ்க்கையில காட்டறது தமிழ்ல எத்தனை படத்துல நடந்திருக்கு? நடிச்சவங்களுக்கு நிஜமாவே வயசு ஏறியிருக்கு. மேக்கப்ல கொண்டு வர முடியாத விஷயம் அது. ஆனா அந்த வாய்ப்பை வச்சுக்கிட்டு, புருஷனைக் கட்டிப் போடற பொண்டாட்டின்னு அதே பழைய சிரிப்பைத்தான் எழுதியிருக்காங்க. வருத்தமா இருந்துது.

சொப்பன சுந்தரிக்கு முகம் கிடைச்சுதுன்னு குளிர் எழுதினதைப் படிச்சேன். முகம் கிடைச்சுது, பேச்சு கிடைச்சுதா? 1989-ல அந்தப் பொண்ணு யார்கிட்ட இருக்கான்னு ரெண்டு ஆம்பளைங்க பேசினாங்க. 2016-ல ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளையை மிரட்டறதுக்கு அவளோட படம் உதவுச்சு. 27 வருஷத்துல அவளுக்கு என்ன வேணும்னு யாரும் கேக்கல. நான் சிரிச்சேன், பாட்டையும் ரசிச்சேன். அதோட இதையும் சொல்லணும்.

அந்தப் பேரை வச்சு 2023 ஏப்ரல்ல இன்னொரு படமே வந்துது. ஐஸ்வர்யா ராஜேஷ் நடிச்ச சொப்பன சுந்தரி. அதுலயும் ஒரு கார்தான் கதையே, பரிசா விழுந்த கார். பேரும் காரும் ஒட்டிக்கிட்டே வருது பாருங்க. ஆனா அதுல காருக்காக ஓடறது, பொய் சொல்றது, சண்டை போடறது எல்லாம் பொண்ணுங்க. கரகாட்டக்காரனுக்குச் சரியான பதில் அந்தப் படத்துலதான் இருக்குன்னு எனக்குத் தோணுது.

---

ஏற்காட்டுக் குளிர்

அக்கா, 2023 படத்தை இந்த வரிசையில நான் வைக்கவே இல்ல. வைக்கணும். மோகனா, காமாட்சி ரெண்டு பேரும் போட்டியில சரிக்குச் சரி நின்னவங்க. சண்முகசுந்தரத்தோட நாதஸ்வரத்துக்கு ஈடா மோகனா ஆடினாங்க. ஐயா போட்ட எலும்புக்கூட்டுல அது ஒரு பெரிய எலும்பு. ரெண்டாம் பாகத்துல அதைத்தான் விட்டுட்டாங்க, ஆடுகளத்துல எல்லாரும் ஆம்பளைங்க. நீங்க சொன்ன பிறகுதான் அந்த இடம் காலியா இருக்கறது தெரியுது.

---

வாழப்பாடி எக்ஸ்பிரஸ்

படத்துல ஒளிஞ்சிருக்கற விஷயம் கேட்டீங்களே, ரிலீஸ் ஆன நேரத்தை யாரும் சொல்லலையே. 2016 நவம்பர் 8-ல 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிப்பு. டிசம்பர் 5-ல முதல்வர் ஜெயலலிதா மறைவு, மாநிலமே ஸ்தம்பிச்சுது. 9-ல படம். 12-ல வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டுது. கையில சில்லறை இல்லாம, ஊரே துக்கத்துல இருந்த வாரத்துல ஒரு சிரிப்புப் படம் வந்து தாக்குப் பிடிச்சுதுன்னா, முதல் பாகம் மேல ஜனம் வச்ச பாசம்தான். தயாரிப்பும் வெங்கட் பிரபுவோட சொந்தக் கம்பெனி, பிளாக் டிக்கெட் கம்பெனி. அவர் பணமும் அதுல இருந்துது.

இன்னொரு சேதி. அந்த டீம்ல கோபியா வந்த விஜய் வசந்த் இப்ப கன்னியாகுமரி எம்.பி. 2021 இடைத்தேர்தல்ல ஜெயிச்சு, 2024-லயும் ஜெயிச்சுட்டார்.

---

செவ்வாய்பேட்டை வெல்லமண்டி

எக்ஸ்பிரஸ் சொன்னதும் ஒண்ணு எழுதணும்னு தோணுது. அந்த டீமைப் பார்த்தா நிறைய பேர் யாரோ ஒருத்தரோட பிள்ளைங்க, சொந்தக்காரங்க. விஜய் வசந்த், வசந்தகுமார் மகன். விஜயலட்சுமி, காதல் கோட்டை எடுத்த அகத்தியன் மகள். வைபவ், தெலுங்கு இயக்குநர் கோதண்டராமி ரெட்டி மகன். ஜெய், இசையமைப்பாளர் தேவாவுக்குச் சொந்தம். யுவன், பிரேம்ஜி பத்திச் சொல்லவே வேணாம். முதல் பாகத்தைத் தயாரிச்சது எஸ்.பி. பாலசுப்ரமணியம் மகன் எஸ்.பி. சரண். வாரிசுங்க கூட்டம்னு சிலர் குறை சொல்றாங்க. நான் அப்படிப் பார்க்கல. 2007-ல முதல் பாகத்துல நடிச்சவங்களுக்குப் பெரிய மார்க்கெட் கிடையாது. அப்பாக்களோட பேரை வச்சுப் பெரிய ஹீரோ படம் எடுக்கலாம்னு போகாம, லுங்கி கட்டி மண்ணுல உருண்டாங்க. யாரு ஹீரோன்னே சொல்ல முடியாத படம். அந்தத் துணிச்சலுக்குத்தான் மதிப்பு.

அதே முதல் பாகத்துக்கு எடிட்டிங் செஞ்ச பிரவீன், ஸ்ரீகாந்த் ஜோடி அப்புறம் ஆரண்ய காண்டத்துக்குத் தேசிய விருது வாங்கினாங்க. அந்தப் படத்துக்கும் சரண்தான் தயாரிப்பாளர். 

---

மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு

வாரிசு பற்றி ஒன்று. அஸ்தம்பட்டிச் சகோதரி சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதைத் தொட்டே சொல்கிறேன். தில்லானாவில் பத்மினியோடு மனோரமாவும் இருந்தார். ஜில் ஜில் ரமாமணி. நாடகக் கொட்டகைப் பெண். ஊர் அவளை எப்படிப் பார்க்கும் என்று தெரிந்தே ஏ.பி. நாகராஜன் அவளுக்கு மானமும் சொல்லும் கொடுத்து எழுதினார், சண்முகசுந்தரத்துக்கு ஈடாக நிற்க வைத்தார். ஆடிப் பிழைக்கும் பெண்ணை வைத்து நகைச்சுவை எழுத முடியும், அவளைக் கீழே இறக்காமலும் எழுத முடியும் என்பதற்கு 1968-லேயே சான்று இருக்கிறது. கதையின் கூட்டை எடுத்தவர்கள் ரமாமணியையும் எடுத்திருக்க வேண்டும்.

---

அஸ்தம்பட்டி அக்கா

ஐயா, நான் ரெண்டு பாரா எழுதித் தேடினது இதைத்தான். நன்றிங்க.

---

டென்னிஸ்பால் லெஃப்டி

வெங்கட் பிரபு கிரிக்கெட்டை இன்னும் விடல. 2024-ல வந்த அவரோட கோட் படத்துக்கு க்ளைமாக்ஸ் சேப்பாக்கம் மைதானம்தான், சிஎஸ்கே மேட்ச் நடக்கறப்ப. முதல் பாகம் நடக்கற விசாலாட்சி தோட்டத்துல ஆரம்பிச்சவர் சேப்பாக்கம் வரைக்கும் வந்துட்டார். வைபவ், பிரேம்ஜி, அரவிந்த் ஆகாஷ் அதுலயும் இருக்காங்க.

யாராவது முதல் பாகத்துல பசங்க வச்சிருக்கற மட்டைகளைக் கவனிச்சிருக்கீங்களா? எந்தக் காட்சியில எது யார் கையில இருக்குன்னு பார்த்து எழுதுங்க. பெட்ல தோத்த மட்டை பிற்பாடு எங்கயாவது தலை காட்டுதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.

---

ஏற்காட்டுக் குளிர்

அந்த வேலையை நான் எடுத்துக்கறேன். முதல் பாகம் மட்டும் போதுமா, தேனி மேட்சும் பார்க்கணுமா?

---

டென்னிஸ்பால் லெஃப்டி

ரெண்டையும் பாருங்க. வைபவ் டீம் மட்டைகளையும் விடாதீங்க.